ஒட்டுசுட்டானில் ஒரு ஏக்கர் கரும்பு: யாரிடம் என்ன கேட்பது?

மேட்டுக்காணி (ஒட்டுசுட்டான்) | 2024 பெப்ரவரி 4

வணக்கம். அடுத்த தைப்பொங்கலுக்கு வெட்டுகிற மாதிரி ஒரு ஏக்கர் கரும்பு வைக்க யோசிக்கிறேன். இதுவரை கச்சானும் உளுந்தும் போட்ட மேட்டுக்காணி. கிணறு இருக்கிறது, இரண்டு அங்குல பம்பும் இருக்கிறது. மண் சிவப்புக் கலந்தது. கேட்ட இடத்தில் எல்லாம் நெல்லுக்குள்ள படிவத்தைத்தான் நீட்டுகிறார்கள். கரும்புக்குப் பசளை மானியம், காப்புறுதி, கடன் என்று ஏதாவது உண்டா? கரணை (நடுகிற கரும்புத் துண்டு) எங்கே எடுப்பது? வன்னியில் வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய போதனாசிரியர் (கிளிநொச்சி) | பெப்ரவரி 4

தம்பி, நம் பக்கத்து உதவித் திட்டங்கள் எல்லாம் காலபோகம், சிறுபோகம் என்ற கணக்கில் நடப்பவை. கரும்பு பத்து முதல் பன்னிரண்டு மாதம் நிலத்தில் நிற்கும். இரண்டு போகத்தையும் தாண்டி நிற்கிற பயிரை எந்தப் படிவத்திலும் எழுத இடம் இல்லை. அதனால் மானியத்தை நம்பித் தொடங்க வேண்டாம்.

பசளைக் காசு நெல்லுக்கு. கட்டணமில்லாத பயிர்க் காப்புறுதி நெல், சோளம், உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், மிளகாய், சோயா என்ற ஆறு பயிருக்கு. கரும்பு அதில் இல்லை. கமநலக் காப்புறுதிச் சபையில் வேறு பயிர்களுக்குக் கட்டுப்பணம் கட்டிச் சேரும் வழி உண்டு. நடுவதற்கு முன்னரே மாவட்ட அலுவலகத்தில் கேட்டு, எந்தச் சேதத்துக்குக் கொடுப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மேட்டுக்காணி என்றபடியால் ஒரு தலையிடி குறைவு. வயல் காணியில் வைப்பதானால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி எழுத்தில் அனுமதி வேண்டும். வாய்க்கால் தண்ணீரும் கிடைக்காது. சிறுபோகக் கூட்டத்தில் குளத்து நீரை ஏக்கர் கணக்கில் பங்கிடும்போது நெல்லுக்கே இழுபறி. கரும்புக்கு என்று ஒருவர் எழுந்து கேட்டால் சிரிப்பார்கள்.

அப்படியென்றால் உதவியே இல்லையா? இருக்கிறது, ஆனால் சிதறிக் கிடக்கிறது. மண் பரிசோதனைக்கு அறிவியல் நகரில் விவசாய பீடம் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். பூச்சி, நோய் என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுக்கலாம், தமிழிலும் பேசுவார்கள். கரும்பு இனம், நடுகைப்பொருள் பற்றிய கேள்வி என்றால் உடவளவையில் உள்ள கரும்பு ஆராய்ச்சி நிறுவகம்தான்.

மாங்குளம் கரும்புச்சாறு | பெப்ரவரி 5

நான் ஏ9 வீதியோரம் கரும்புச்சாறு விற்பவன். வாங்குபவனின் பக்கத்தில் இருந்து சொல்கிறேன். ஒரு ஏக்கரையும் ஒரே நாளில் நட்டால் ஒரே கிழமையில் முற்றும், எல்லாவற்றையும் பொங்கலுக்குள் தள்ளவேண்டி வரும். பொங்கல் முடிந்த அடுத்த நாள் அந்தத் தடியை யாரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள். எனக்கு ஆண்டு முழுக்கத் தடி வேண்டும், அதிலும் பங்குனியில் இருந்து புரட்டாதி வரை வெயில் காலத்தில் நிறைய வேண்டும். அரை ஏக்கரைப் பொங்கலுக்கு வையுங்கள். மற்றதை இரண்டு மாத இடைவெளியில் துண்டு துண்டாக நடுங்கள்.

இனமும் வேறு. பொங்கலுக்குக் கேட்பது தடித்த, மென்மையான, கடிக்கக்கூடிய கறுப்புக் கரும்பு. எனக்கு அது ஆகாது, சாறு கறுக்கிறது. மஞ்சள் பச்சைத் தடிதான் நல்லது.

ஸ்காபரோவில் இருந்து | பெப்ரவரி 6

ஏன் எல்லோரும் ஒரு ஏக்கர், அரை ஏக்கர் என்று பேசுகிறீர்கள்? முத்தையன்கட்டுப் பக்கம் இருபது முப்பது ஏக்கர் சேர்த்து ஆலையோடு ஒப்பந்தம் போட்டால் என்ன? இலங்கை தேவையான சீனியில் பெரும்பகுதியை இறக்குமதிதானே செய்கிறது. முதலீட்டுக்கு இங்கே கனடாவில் ஆட்கள் இருக்கிறார்கள்.

வட்டக்கச்சி வாய்க்கால் | பெப்ரவரி 6

அண்ணை, எந்த ஆலையோடு? அம்பாறையில் ஹிங்குராணை. மொனராகலைப் பக்கம் பெல்வத்தை, செவனகலை, எத்திமலை. நமக்குக் கிட்ட இருந்தது கந்தளாய். அது 1990களில் மூடியது மூடியதுதான். வெட்டிய கரும்பை ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள் பிழிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு தடியில் உள்ள சீனியே உடைந்து வீணாகும், நிறையும் குறையும். 100 கிலோ கரும்பில் எட்டு ஒன்பது கிலோ சீனி எடுத்தாலே பெரிய காரியம். அப்படிப்பட்ட சரக்கை ஒட்டுசுட்டானில் இருந்து ஹிங்குராணைக்கு லொறியில் ஏற்றினால் டீசல் கடைக்காரர்தான் இலாபம் பார்ப்பார்.

வவுனியாவில் சீனி ஆலை வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோதும் காணி யாருடையது, தண்ணீர் எங்கிருந்து என்ற கேள்விதான் முன்னால் நின்றது. ஆலையைக் கண்ட பிறகு நடுவோம்.

தெற்கிலும் நிலைமை பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த சனவரியில் வற் (பெறுமதி சேர் வரி) 18 சதவீதம் ஆகிவிட்டது. உள்ளூர்ச் சிவப்புச் சீனி இறக்குமதி வெள்ளைச் சீனியோடு போட்டி போட வேண்டும். ஆலை சீனியை விற்றால்தான் கமக்காரனுக்குக் காசு.

நெடுங்கேணி அக்கா | பெப்ரவரி 8

தம்பி, ஆலைக் கதையை விடுங்கள். கரணையில்தான் எல்லாம் இருக்கிறது.

யாரோ பொங்கலுக்கு வெட்டி விற்காமல் மிஞ்சிய தடியை மலிவாகத் தருவார்கள். வாங்க வேண்டாம். இலங்கைக் கரும்புக்குப் பெரிய எமன் வெள்ளை இலை நோய். அது கரணையோடுதான் ஊர் மாறுகிறது, அப்புறம் இலைத்தத்தி அதை வரிசை வரிசையாகப் பரப்புகிறது. மருந்து கிடையாது. தோட்டத்தை நீங்களே போய்ப் பார்த்து எடுங்கள். எட்டு முதல் பத்து மாதம் ஆன முதல் நடுகைக் கரும்பாக இருக்கவேண்டும், மறுதாம்பில் (வெட்டிய அடிக்கட்டையில் மறுபடி துளிர்த்ததில்) எடுக்க வேண்டாம். தடியின் மேல் பாதிதான் நன்றாக முளைக்கும், அடிப்பகுதியைச் சாறுக்காரருக்குக் கொடுங்கள். கரிப்பூட்டை நோய் பிடித்த தோட்டம் என்றால் குருத்து இருக்க வேண்டிய இடத்தில் கரிய சாட்டை மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கும். கண்டால் அந்தத் தோட்டத்தை விட்டு வந்துவிடுங்கள்.

ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று தொன் வரை கரணை போகும், அதுதான் பெரிய செலவு. செலவைக் குறைக்க ஒருகணு நாற்று முறை இருக்கிறது. மொட்டை மட்டும் செதுக்கித் தட்டில் வளர்த்து, ஒரு மாத நாற்றாக ஐந்தடிக்கு இரண்டடி நட்டால் ஏக்கருக்கு ஐயாயிரத்துக்கும் குறைவான நாற்றுப் போதும். நாற்றுத் தட்டில் நோய்க்கன்றைப் பார்த்து வெளியே எறியவும் முடியும். கத்தியைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் கழுவி வெட்டுங்கள்.

பிறகு யானை. ஒட்டுசுட்டான் என்றால் கேட்கவே வேண்டாம். கரும்பு வாசம் பட்டால் மின்சார வேலியையும் மரக்கட்டையால் சாய்த்துவிட்டு வரும். வீட்டுக்குக் கிட்டிய துண்டில் மட்டும் வையுங்கள். யானைவெடிக்குக் கிராம அலுவலரிடமும் வனஜீவராசிகள் அலுவலகத்திலும் முதலே சொல்லிவையுங்கள். யானை வந்த இரவில் தேடி ஓடுவதில் பயன் இல்லை.

மேட்டுக்காணி | பெப்ரவரி 25

எல்லோருக்கும் நன்றி. முக்கால் ஏக்கரோடு நிறுத்திக்கொண்டேன், வீட்டுக்குப் பின்பக்கம். பாதி கறுப்பு, பாதி சாறுக்கான இனம். கறுப்புக்குக் கரணை, மற்றதுக்கு ஒருகணு நாற்று. வரிசைக்கு நடுவில் பயறு போட்டிருக்கிறேன். மாங்குளம் அண்ணையோடு சாறுத் தடிக்கு வாய்ப்பேச்சு முடிந்தது.

கடன் கேட்டேன். கரும்புக்கு விளைச்சல் கணக்கு இல்லை என்றார்கள். நகை அடகில்தான் முடிந்தது.

மேட்டுக்காணி | மே 19

படம் போட்டிருக்கிறேன், பாருங்கள். கிழக்குப் பக்கம் முழுக்க இளம் இலைகள் வெளிறி வெள்ளையாகின்றன. நெடுங்கேணி அக்கா சொன்ன நோயா? ஒரு பக்கத்துக் காணிக்காரர் எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்கிறார்.

வட்டக்கச்சி வாய்க்கால் | மே 19

பிடுங்குங்கள். யோசிக்க நேரம் இல்லை.

பழைய போதனாசிரியர் | மே 19

பொறுங்கள், பிடுங்க வேண்டாம். முதல் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இலை நரம்பு பச்சையாக இருக்கிறது, நரம்புக்கு நடுவில்தான் வெளிறியிருக்கிறது. நுனியில் இருந்து அடிவரை பச்சை வெள்ளைக் கோடு நேராக ஓடுகிறது. ஒரு பக்கம் முழுக்க ஒரே மாதிரி வந்திருக்கிறது. இது இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். தம்பி, உங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கேத்தலில் வெள்ளையாகப் படிகிறதா?

மேட்டுக்காணி | மே 20

படிகிறது ஐயா. அம்மா மாதம் ஒருக்கால் தேசிக்காய் போட்டுக் கழுவுவார்.

பழைய போதனாசிரியர் | மே 20

அதுதான் விடயம். சுண்ணாம்புத் தண்ணீரை மாசியில் இருந்து இறைத்திருக்கிறீர்கள். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேர் எடுக்க முடியாது. பெரசு சல்பேற்று 1 சதவீதக் கரைசல், அதாவது 16 லீற்றர் தெளிகருவிக்கு 160 கிராம், கொஞ்சம் யூரியாவும் சேர்த்துப் பின்னேரத்தில் இலை நனையத் தெளியுங்கள். பத்து நாளில் மறுபடி ஒருக்கால். புது இலை பச்சையாக வந்தால் சத்துக் குறைவுதான்.

ஆனால் மூன்றாவது படம் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஒரு பற்றை மட்டும் நரம்பும் சேர்த்து முழு வெள்ளை. அடியில் புல் மாதிரி மெல்லிய முளைகள் நெருக்கமாக வெடித்திருக்கின்றன. நோய் இப்படித்தான் வரும், காணியில் அங்கொன்று இங்கொன்றாக. வெள்ளை இலை நோய்க்கு எந்தத் தெளிப்பும் பச்சை தராது. தெளித்த பிறகும் எது வெள்ளையாக நிற்கிறது என்று பாருங்கள்.

நெடுங்கேணி அக்கா | மே 21

ஐயா சொல்வது சரி. அந்தப் பற்றை கறுப்புக் கரணை வைத்த பக்கமா, நாற்று வைத்த பக்கமா?

மேட்டுக்காணி | யூன் 9

கிழக்குப் பக்கம் பச்சையாகிவிட்டது. ஐந்தாறு பற்றை மட்டும் வெள்ளையாகவே நிற்கிறது. அக்கா கேட்டதற்குப் பதில்: எல்லாம் கரணை வைத்த பக்கம். வேரோடு கிண்டி எடுத்து எரித்துவிட்டேன்.

அந்த நாட்களில் மாவட்டத்துக் கூட்டம் ஒன்றில் இதைச் சொல்லிப் பார்த்தேன். கரும்பு யாருடைய பொறுப்பு என்று மூன்று மேசைக்காரர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு இளம் விவசாயப் போதனாசிரியர் மட்டும் தன் நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போனார். அவருக்குக் கரும்பில் பயிற்சி இல்லை, ஆனாலும் வந்தார்.

ஸ்காபரோவில் இருந்து | யூன் 10

இப்போது விளங்குகிறது. காசு அனுப்புகிறோம் என்பதைவிட, உடவளவையில் இருந்து தமிழ் பேசும் ஒரு ஆள் ஆண்டுக்கு இரண்டு தரம் வந்து போக என்ன செய்யலாம்?

பழைய போதனாசிரியர் | யூன் 10

ஒருவர் கேட்டால் வராது. பத்து இருபது பேர் பெயரும் ஏக்கரும் எழுதி, கமக்கார அமைப்பு ஊடாகக் கடிதம் கொடுத்தால் கதைக்க இடம் உண்டு. வன்னியில் எத்தனை ஏக்கர் கரும்பு நிற்கிறது என்ற பதிவு கைக்கு வராமல் அதிகாரிகளிடம் எதைக் காட்டுவது? இங்கே வாசிக்கிறவர்கள் ஊரையும் அளவையும் மட்டும் எழுதுங்கள். பெயர் வேண்டாம்.

(கீழே வந்தவை: புதுக்குடியிருப்பு கால் ஏக்கர், விசுவமடு அரை, கனகராயன்குளம் இரண்டு, மடு வீதி கால், நெடுங்கேணி ஒன்று. — இழை பராமரிப்பாளர்)

மேட்டுக்காணி | யூலை 28

சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது. இறைத்த தண்ணீர் மண்ணில் இறங்குவதற்குள் காய்கிறது. கிணறு மத்தியானத்தில் அடி தட்டுகிறது. இந்தக் கரும்புக்கு எவ்வளவு தண்ணீர்தான் வேண்டும்?

வட்டக்கச்சி வாய்க்கால் | யூலை 28

ஒரு பயிர்க் காலத்துக்கு 1,500 முதல் 2,500 மில்லிமீற்றர் வரை குடிக்கும் பயிர் இது. நமக்கு ஆண்டு முழுக்கப் பெய்வதே 1,200, 1,500 என்ற கணக்குத்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை. அதனால்தான் ஒரு ஏக்கரே போதும் என்கிறோம். ஒன்றைவிட்டு ஒரு சாலுக்கு இறையுங்கள், அடுத்த முறை மற்றச் சாலுக்கு. காய்ந்த தோகையை உரித்துச் சாலில் பரப்புங்கள். இரவில் இறையுங்கள், தண்ணீர் மிஞ்சும்.

பழைய போதனாசிரியர் | செப்டெம்பர் 8

கரும்பு வைத்திருக்கும் எல்லோருக்கும்: மழைக்கு முன் செய்யவேண்டியதை இந்த மாதத்துக்குள் முடியுங்கள். பசளை மேலே இனி வேண்டாம், இப்போது யூரியா போட்டால் தடி நீரேறிச் சாயும், இனிப்பும் குறையும். அடிக்கு நன்றாக மண் அணையுங்கள். எதிரெதிர் வரிசையில் உள்ள பற்றைகளைத் தோகையாலேயே முறுக்கிச் சேர்த்துக் கட்டுங்கள். வடிகால் வெட்டுங்கள்.

கரும்பு இனிப்பு ஏறுவது காய்ந்த, குளிர்ந்த காலத்தில். நம் பொங்கல் கரும்போ அடைமழைக்குள் முற்றவேண்டும். 2018 டிசம்பர் வெள்ளமும் 2020 டிசம்பர் புரெவிப் புயலும் வந்தது எந்த மாதம் என்று பாருங்கள். நெல் அந்த நேரம் குட்டையாக நிற்கும். கரும்பு ஆளுக்கு மேல் நிற்கும்.

வட்டக்கச்சி வாய்க்கால் | ஒக்ரோபர் 13

காலபோகச் செய்தி: நெல்லுக்குப் பசளைக் காசு ஹெக்டேயருக்கு 25,000 ரூபா ஆக்கியிருக்கிறார்கள், முன்னர் 15,000. வயலும் வைத்திருப்பவர்கள் பதிவைச் சரிபாருங்கள். கரும்புக்கு வழக்கம்போல ஒன்றும் இல்லை.

மேட்டுக்காணி | நவம்பர் 29

மூன்று நான்கு நாளாக மின்சாரம் இல்லை, இப்போதுதான் வந்தது. உயர்தரப் பரீட்சையையே நிறுத்திவைத்த மழை. வயல்காரர் பாடு மிக மோசம், அதைப் பார்த்துவிட்டு என் கதையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கட்டிய வரிசைகள் நின்றன. நேரமில்லாமல் கட்டாமல் விட்ட வடக்குத் துண்டு முழுக்கப் படுத்துவிட்டது. படுத்த தடியை என்ன செய்வது?

மாங்குளம் கரும்புச்சாறு | நவம்பர் 30

படுத்தது பொங்கலுக்குப் போகாது, நுனி வளைந்து எழும்பிவிடும். வளைந்த தடியைப் பானைக்குப் பக்கத்தில் யார் கட்டுவார்கள்? சாறு இனம் என்றால் எனக்குத் தாருங்கள், மண் படாமல் கழுவி. எலி கடிக்க முன்னர் வெட்டுங்கள்.

மேட்டுக்காணி | 2025 சனவரி 19

பொங்கல் முடிந்தது. கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கறுப்புத் தடியில் நிமிர்ந்து நின்றதில் பெரும்பகுதி போய்விட்டது. மொத்தமாகக் காணியில் வந்து எடுத்த வியாபாரி கொடுத்த விலை, முல்லைத்தீவுச் சந்தையில் நான் நின்று விற்ற விலையில் பாதிதான். ஆனால் சந்தையில் நிற்க ஆள் வேண்டும், பட்டா லொறி வாடகை வேண்டும், 14ஆம் திகதி மத்தியானத்துக்குப் பிறகு மிஞ்சியதை மாட்டுக்குத்தான் போட்டேன். சாறுத் தடிக்கு மாங்குளம் அண்ணை பேசிய விலையைத் தந்தார். பசளை, டீசல், கரணை எல்லாம் கழித்து நகை மீண்டது, கொஞ்சம் மிச்சம். கச்சானைவிட நல்லது, உழைப்பைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை.

யானை வரவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், பக்கத்துக் காணிக்கு வந்தது.

இனி மறுதாம்பு விடலாமா?

நெடுங்கேணி அக்கா | சனவரி 19

நாற்று வைத்த பக்கம் விடுங்கள். அடிக்கட்டையை மண்மட்டத்துக்குச் செதுக்கி, இடைவெளி இருந்தால் நாற்றால் நிரப்பி, முதல் மாதத்திலேயே யூரியாவைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். கரணை வைத்த பக்கத்தை உழுதுவிடுங்கள். மறுதாம்பில் வெள்ளை இலை இன்னும் கூடுதலாக வரும். அங்கே ஒரு போகம் உளுந்து போகட்டும்.

விசுவமடு புதியவன் | சனவரி 21

மேட்டுக்காணி அண்ணை, நானும் இந்த மாசியில் தொடங்கப்போகிறேன். உங்களிடம் மிஞ்சிய தடியில் கரணை தருவீர்களா? காசு தருகிறேன்.

மேட்டுக்காணி | சனவரி 21

தரமாட்டேன் தம்பி, குறை நினைக்க வேண்டாம். என் காணியில் வெள்ளை இலை கண்டது, மேலே மே மாதப் பதிவைப் பாருங்கள். போதனாசிரியர் ஐயா சேர்த்த பட்டியலில் இப்போது பதினெட்டுப் பேர். உடவளவைக்குப் போகும் கடிதத்தில் உங்கள் ஊரையும் அளவையும் எழுதுகிறேன், எத்தனை ஏக்கர் என்று சொல்லுங்கள். நடுகைப்பொருள் அங்கிருந்து சேர்ந்து எடுப்போம். மாசி தவறினால் பங்குனி.